கணித நிதியியல் மேற்படிப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கணித நிதியியலும் ஸ்டோகாஸ்டிக் மாதிரியாக்கமும் முதுகலை அளவில் படிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. நான் இதைப் படித்தவன், பிறகு கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்தவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

இதைப் படித்தால் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துவிடலாமா?

முடியாது. அந்த ஆசையோடு வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். நாளைய விலை தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பாடமே தொடங்குகிறது. தெரியாத ஒன்றை நம்பி எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு இன்று என்ன விலை சொல்வது, அதை விற்றவர் நஷ்டத்திலிருந்து தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பவைதான் இங்கே கேள்விகள். ‘ஸ்டோகாஸ்டிக்’ என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். காலப்போக்கில் தற்செயலாக மாறிக்கொண்டே போகும் எதையும் அந்தப் பெயரால் அழைக்கலாம்.

விலை தெரியாது என்கிறீர்கள். பிறகு எதை வைத்து ஒப்பந்தத்துக்கு விலை சொல்கிறீர்கள்?

மொத்தப் படிப்பின் கருவும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு பங்கின் இன்றைய விலை 100. நாளை அது 120 ஆகும், இல்லையென்றால் 90 ஆகும். வேறு எதுவும் நடக்காது. வட்டி கிடையாது. நாளை அந்தப் பங்கை 105-க்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒருவர் உங்களிடம் விலைக்குக் கேட்கிறார். வேண்டாமென்றால் அவர் வாங்காமல் விட்டுவிடலாம். இதைத்தான் ஆப்ஷன் என்கிறோம். விலை 120 ஆனால் அவருக்கு 15 லாபம், 90 ஆனால் ஒன்றுமில்லை.

விலை ஏறுவதற்கு 90 சதவீத வாய்ப்பு உண்டு என்று உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 15-இல் 90 சதவீதம் 13.50. அதுதானே நியாயமான விலை? வகுப்பில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். முதல் நாள் நானும் இதைத்தான் சொன்னேன்.

இப்போது கையிலிருந்து 5 போட்டு, 45 கடன் வாங்கி, அந்த 50-க்குப் பாதிப் பங்கை வாங்குங்கள். நாளை விலை 120 ஆனால் உங்கள் பாதிப் பங்கின் மதிப்பு 60. கடன் 45 போக மிச்சம் 15. விலை 90 ஆனால் பாதிப் பங்கு 45, கடனை அடைத்தால் மிச்சம் பூஜ்யம். ஆப்ஷன் எதைத் தருமோ அதையே இந்தச் சிறு ஏற்பாடும் அச்சு அசலாகத் தருகிறது. அதை அமைக்க ஆகும் செலவு 5. ஆகவே ஆப்ஷனின் விலையும் 5. யாராவது 13.50 கொடுத்தால் 5-ஐ எடுத்து இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, மீதி 8.50-ஐ எந்தக் கவலையும் இல்லாமல் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

அந்த 90 சதவீதம் எங்கே போயிற்று? கணக்குக்குள் அது நுழையவே இல்லை. விலை என்பது ஆரூடம் அன்று, ஒப்பந்தத்தை விற்றவர் தன்னைக் காத்துக்கொள்ள ஆகும் செலவு. இதை ஏற்றுக்கொள்ள மனம் சில வாரங்கள் அடம்பிடிக்கும்.

இதையே இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நாளைய விலையின் சராசரி சரியாக 100 ஆக வேண்டுமென்றால் ஏறுவதன் நிகழ்தகவு 1/3 ஆக இருக்க வேண்டும். 15-இல் மூன்றில் ஒரு பங்கு 5. அதே விடை. உலகத்தில் எங்கும் இல்லாத இந்த 1/3-க்கு இடர்நடுநிலை நிகழ்தகவு என்று பெயர். அதன் கீழ் விலை ஒரு மார்ட்டிங்கேல், அதாவது சராசரியில் ஏறவும் செய்யாத, இறங்கவும் செய்யாத நேர்மையான விளையாட்டு. காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் 1979-இல் இந்த இரண்டு கிளை மாதிரியை வெளியிட்டார்கள். ஆபத்தில்லாத லாபம் கிடைக்காத சந்தையும் இப்படியொரு நிகழ்தகவு இருப்பதும் ஒன்றே என்ற தேற்றத்தை ஹாரிசன், கிரெப்ஸ், பிளிஸ்கா ஆகியோர் 1979-81-இல் நிறுவினார்கள். அதன் பொதுவான வடிவத்துக்கு 1994-இல் டெல்பேனும் ஷாகர்மேயரும் வர வேண்டியிருந்தது. முதுகலையின் இரண்டாம் ஆண்டில் கண்ணைக் கட்டும் பல பக்க நிரூபணம் இந்த மூன்று வரிக் கணக்கின் வளர்ந்த வடிவந்தான்.

ஒன்று மட்டும் செய்துபாருங்கள். விலை 100-இலேயே நின்றுவிடலாம் என்று மூன்றாவது வாய்ப்பு ஒன்றைச் சேருங்கள். எல்லாம் கலைந்துவிடும். பங்கையும் கடனையும் வைத்து ஆப்ஷனை அப்படியே நகலெடுக்க முடியாது. 0-க்கும் 5-க்கும் இடையில் எந்த விலை சொன்னாலும் யாரும் குறை சொல்ல முடியாது. முழுமையற்ற சந்தை என்ற பெரிய ஆய்வுத் துறை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சேர்வதற்கு முன் எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும்?

நேரியல் இயற்கணிதம், பல மாறிகளின் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், மெய்ப் பகுப்பாய்வு, நல்ல நிகழ்தகவுப் பாடம் ஒன்று. பட்டியல் சுலபம். உண்மையில் தயாராக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரே ஒரு கேள்வி உண்டு.

இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன. மொத்தம் 9 என்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறார்கள். முதல் பகடையின் சராசரி மதிப்பு என்ன? 4.5. இது எல்லாருக்கும் வரும். அடுத்த கேள்வி: மொத்தத்தை இன்னும் சொல்லவில்லை, ஆனால் சொல்லப்போகிறார்கள். இப்போது விடை என்ன? ‘மொத்தத்தில் பாதி’ என்று தயங்காமல் சொல்லி, அந்த விடையும் ஒரு சமவாய்ப்பு மாறிதான் (தற்செயலால் மதிப்பு மாறும் அளவுதான்) என்பதை உணர்கிறவர் படிப்புக்குத் தயார். நிபந்தனை எதிர்பார்ப்பு என்பது இதுதான். ஒவ்வொரு நாளும் இது கூடவே வரும்.

அளவைக் கோட்பாடு (நீளம், பரப்பு, நிகழ்தகவு போன்றவற்றை அளப்பதன் பொதுக் கணிதம்) உண்மையிலேயே தேவையா? அது இல்லாமல் ஓட்டிவிட முடியாதா?

வேலைக்கு வேண்டிய சூத்திரங்களை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் ஓட்டிவிடலாம். மேற்படிப்பு என்றால் முடியாது. 1933-இல் கொல்மகோரோவ் நிகழ்தகவை அளவைக் கோட்பாட்டின் மீது நிறுத்தியது வெறும் அலங்காரத்துக்காக அன்று. ‘செவ்வாய்க்கிழமை மாலை வரை எனக்கு என்னவெல்லாம் தெரியும்’ என்பதைத் துல்லியமாக எழுத நமக்கு வேறு மொழி கிடையாது. சிக்மா-இயற்கணிதம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களிடம், அதைத் ‘தகவல்’ என்று மொழிபெயர்த்துப் படியுங்கள் என்பேன். பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மேலே 90 சதவீதத்தை 1/3 ஆக மாற்றினோம் அல்லவா? தொடர்ந்து ஓடும் காலத்தில் அதைச் செய்துகொடுப்பது கிர்சனோவின் தேற்றம். எந்தப் பாதைகள் நடக்கக்கூடியவை என்பதை அது தொடாது, அவற்றின் எடையை மட்டுமே மாற்றும். அளவைக் கோட்பாடு இல்லாமல் அந்தத் தேற்றத்தின் கூற்றையே எழுத முடியாது.

தற்செயலாக நெளியும் பாதைகளுக்கான இட்டோ நுண்கணிதம் ஏன் பள்ளியில் படித்த நுண்கணிதத்தைப் போல இல்லை?

ஒரு காசும் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கி, தலை விழுந்தால் 0.1 மேலே, பூ விழுந்தால் 0.1 கீழே. நூறு முறை. ஒவ்வொரு அடியின் வர்க்கமும் 0.01. அடி மேலே போனாலும் கீழே போனாலும் வர்க்கம் ஒன்றுதான். நூறு அடிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1. பாதை எப்படி நெளிந்தாலும் இந்த 1 மாறாது. அடிகளை இன்னும் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினாலும் அது சிறுக்காது. வழுவழுப்பான வளைகோடுகளில் இந்தக் கூட்டல் பூஜ்யத்தை நோக்கிப் போய்விடும், அதனால்தான் பள்ளி நுண்கணிதம் அதைக் கண்டுகொள்வதில்லை.

நூறு அடிகளுக்குப் பிறகு நீங்கள் 1-இல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடிக்கும் முன் நீங்கள் நிற்கும் இடத்தை அடுத்த அடியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பள்ளிச் சூத்திரத்தின்படி வர்க்கத்தில் பாதி, அதாவது 0.5 வர வேண்டும். கூட்டிப்பார்த்தால் பூஜ்யம் வரும். அடிக்குப் பின் நிற்கும் இடத்தால் பெருக்கினால் 1 வரும். எங்கே நின்று பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறுகிறது. நிதியியல் முதல் வழியைத்தான் எடுக்கிறது, ஏனென்றால் எத்தனை பங்கு வைத்திருப்பது என்று விலை அசைவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். அசைந்த பின் வாங்குகிறவருக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். கியோசி இட்டோ 1944-இல் வரையறுத்த தொகையீட்டில் இந்த நேர்மை கட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

இட்டோ சூத்திரத்தில், அதாவது இந்த நுண்கணிதத்தின் வகைக்கெழு விதியில், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த ‘அரை’ உறுப்பு இங்கிருந்துதான் வருகிறது. ஒரு முதலீடு ஒவ்வோர் ஆண்டும் சம வாய்ப்பில் 50 சதவீதம் ஏறும், அல்லது 40 சதவீதம் இறங்கும் என்றால் சராசரி வளர்ச்சி 5 சதவீதம். ஆனால் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் 100 என்பது 90 ஆகிவிடும். சராசரி ஏறுகிறது, ஆள் தேய்கிறார். அந்த ‘அரை’ உறுப்பு சொல்வது இதைத்தான்.

இதையெல்லாம் யார் தொடங்கியது? ஐன்ஸ்டைனா?

அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தொடங்கிவிட்டார். 1900-இல் பாரிஸில் லூயி பாஷ்லியே என்ற மாணவர் பங்குச் சந்தை விலைகளை இன்று பிரவுனியன் இயக்கம் (மேலே காசு சுண்டி நடந்த நடையின் அடிகளை மிகச் சிறிதாக்கினால் கிடைப்பது) என்று அழைக்கப்படும் முறையில் விவரித்து முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர் மாபெரும் கணிதவியலாளர் புவான்கரே. பாராட்டினாலும் உச்ச மதிப்பெண் கிடைக்கவில்லை. சந்தையைப் பற்றிய கணிதம் அன்று கௌரவமான தலைப்பாகக் கருதப்படவில்லை. இதே இயக்கத்தைப் பற்றிய ஐன்ஸ்டைனின் கட்டுரை 1905-இல் வந்தது. கணிதவியலாளர் வீனர் அந்த இயக்கத்தைக் கணித ரீதியாகக் கட்டியது 1923-இல்.

பாஷ்லியேவின் மாதிரியில் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அபத்தம் என்று எல்லாரும் ஒதுக்கினார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த வாரமே சிகாகோவின் சிஎம்ஈ சந்தை எண்ணெய் ஆப்ஷன்களின் கணக்கைப் பாஷ்லியே மாதிரிக்கு மாற்றிக்கொண்டது. நூற்றிருபது ஆண்டுகள் காத்திருந்த ஆய்வேடு!

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. கணிதவியலாளர் வுல்ஃப்காங் டோப்ளின் 1940-இல் பிரெஞ்சுப் படையில் இருந்தபடியே ஒரு கட்டுரையை எழுதி, மூடி முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். சில மாதங்களில் ஜெர்மன் படை நெருங்கியபோது தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். வயது 25. உறை 2000-இல்தான் பிரிக்கப்பட்டது. உள்ளே இட்டோ சூத்திரத்தின் ஒரு வடிவம் இருந்தது.

பிளாக்–ஷோல்ஸ் மாதிரி தவறு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிறகு ஏன் அதைப் படிக்க வேண்டும்?

தவறுதான். 1973-இல் பிளாக், ஷோல்ஸ் இருவரும், தனியாக மெர்ட்டனும் வெளியிட்ட, ஆப்ஷனுக்கு விலை சொல்லும் அந்த மாதிரி, பங்கின் ஏற்ற இறக்க அளவு மாறவே மாறாது என்று வைத்துக்கொள்கிறது. அது உண்மையானால் ஒரே பங்கின் எல்லா ஆப்ஷன் விலைகளிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஒரே அளவு கிடைக்க வேண்டும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்த பிறகு, பங்குக் குறியீட்டு ஆப்ஷன்களில் வெவ்வேறு ஒப்பந்த விலைகளுக்கு அந்த அளவைக் கோடாக வரைந்தால் சாய்ந்த வளைவுதான் கிடைக்கிறது. வீழ்ச்சியிலிருந்து காக்கும் ஆப்ஷன்களுக்குச் சந்தை கூடுதல் விலை கேட்கிறது. பயம் கணக்கில் ஏறிவிட்டது.

ஆனால் அந்த வளைவைப் பேசுவதற்கே பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம்தான் மொழி. ஆப்ஷன் சந்தையில் விலையைச் சொல்வதற்குப் பதிலாக அந்தச் சூத்திரத்தில் போட வேண்டிய ஏற்ற இறக்க அளவைச் சொல்வது சாதாரணம். பின்னால் வந்த மாதிரிகளெல்லாம் அந்தத் தவற்றைத் திருத்தக் கிளம்பியவை. ஏற்ற இறக்கத்தையே தற்செயலாக ஆட விட்டவர்களில் பெயர்பெற்றவர் ஹெஸ்டன், 1993-இல். அதை விலையையும் நேரத்தையும் சார்ந்ததாக்கியவர் டுப்பியர், 1994-இல். கடந்த பத்தாண்டுகளில் பேசப்படும் ‘கரடுமுரடான ஏற்ற இறக்கம்’ பிரவுனியன் இயக்கத்தைவிடச் சொரசொரப்பான பாதைகளை எடுத்துக்கொள்கிறது. முதலில் எது தவறு என்று தெரியாதவருக்கு இவை எதுவும் விளங்காது.

நிரல் எழுத வேண்டுமா?

கட்டாயம். பைத்தான் போதும், வேகம் தேவைப்படும் இடங்களில் சி++ கேட்பார்கள். கணினி கையில் இருந்தால் மோண்டி கார்லோ முறையில் (தற்செயல் பாதைகளை ஏராளமாக உருவாக்கிச் சராசரி எடுப்பதில்) எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதைகள் வேண்டும், ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டுமென்றால் நூறு மடங்கு. பரவற்படியை (விடைகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவை) குறைக்கும் உத்திகளுக்குத் தனிப் பாடம் இருப்பது இதனால்தான்.

நான் முதன்முதலில் ஹெஸ்டன் மாதிரியை நிரலாக்கியபோது திரை முழுவதும் ‘எண் அல்ல’ என்று கொட்டியது. இரண்டு நாட்கள் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. தொடர்ந்து ஓடும் காலத்தில் அந்த மாதிரியின் பரவற்படி, அதாவது ஏற்ற இறக்க அளவின் வர்க்கம், எதிர்மறையாகவே ஆகாது என்று தேற்றம் சொல்கிறது. ஆனால் காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கணக்கிடும்போது ஒரு துண்டில் அது பூஜ்யத்துக்குக் கீழே தாவிவிடுகிறது, அடுத்த வரியில் நான் அதற்கு வர்க்கமூலம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்மறையானால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள் என ஒரு திருத்தம் போட்டதும் ஓடியது. தேற்றத்துக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பதை எனக்கு எந்த வகுப்பும் அவ்வளவு நன்றாகச் சொல்லித்தரவில்லை.

பொருளாதாரமே தெரியாது. இயற்பியலோ பொறியியலோ படித்தவர்கள் வரலாமா?

தாராளமாக. பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றினால் அது வெப்பம் பரவும் சமன்பாடுதான். பத்திரம், ஆப்ஷன், வட்டி விகிதம் பற்றிய சொற்கள் ஒரு மாதத்தில் பழகிவிடும். இயற்பியல்காரர்களுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: இங்கே விதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் துகள்கள் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளும்.

2008 நெருக்கடிக்கு இந்தக் கணிதம்தான் காரணம் என்கிறார்களே?

கணிதத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். வீட்டுக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து விற்றபோது, ஒருவர் கடன் தவறினால் மற்றவரும் தவறுவாரா என்ற கேள்விக்கு காஸியன் கோப்புலா என்ற கருவியைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். மிகப் பெரிய இழப்புகள் சேர்ந்தே வரும் தன்மையை அது ஏறக்குறையப் பூஜ்யமாக்கிவிடும். இது அன்றே தெரிந்த விஷயம். தெரிந்தும் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அது சட்டென்று ஒரு எண்ணைத் தந்தது. பத்தாண்டுகளுக்கு முன் 1998-இல் எல்டிசிஎம் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியம் சரிந்தபோது அதன் பங்குதாரர்களில் முந்தைய ஆண்டு நோபல் பெற்ற ஷோல்ஸும் மெர்ட்டனும் இருந்தார்கள்.

இடரை ஒரே எண்ணாக்குவது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கடன்பத்திரம் திவாலாக 4 சதவீத வாய்ப்பு. 95 சதவீத மட்டத்தில் அதன் ‘இடர் மதிப்பு’ (95 சதவீத வாய்ப்பில் இழப்பு தாண்டாத தொகை) பூஜ்யம், ஏனென்றால் திவாலாவது 5 சதவீதத்துக்குக் கீழே ஒளிந்துகொள்கிறது. இதே போன்ற, ஒன்றையொன்று சாராத இரண்டு பத்திரங்களை வாங்குங்கள். ஏதாவது ஒன்றாவது திவாலாகும் வாய்ப்பு 7.84 சதவீதம். இப்போது இடர் மதிப்பு பூஜ்யம் இல்லை. பணத்தைப் பிரித்துப் போட்டது ஆபத்தைக் கூட்டியதாக அந்த அளவுகோல் சொல்கிறது! 1999-இல் ஆர்ட்ஸ்னர், டெல்பேன், ஏபர், ஹீத் நால்வரும் ஓர் இடர் அளவுகோல் இப்படி உளறக்கூடாது என்று விதிகள் வகுத்தார்கள்.

இயந்திரக் கற்றல் வந்த பிறகும் இது வேண்டுமா?

ஹெட்ஜிங் (விற்ற ஒப்பந்தத்தின் நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்ளும் ஏற்பாடு) செய்ய நரம்பு வலையமைப்புகளைப் பழக்குகிறார்கள், நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் எதைக் குறைக்கச் சொல்லிப் பழக்குவது, பழக்குவதற்கான பாதைகளை எங்கிருந்து எடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் பழைய பாடத்தில்தான் இருக்கிறது. வரலாறு ஒரே ஒரு பாதையைத்தான் கொடுத்திருக்கிறது.

முதுகலையோடு நிறுத்தலாமா, பிஎச்.டி. வரை போகலாமா?

இருக்கும் மாதிரிகளைக் கையாளும் வேலை என்றால் முதுகலை போதும். நிரூபணத்தில் ஒரு வரி இடறினால் இரவு தூக்கம் போகிறதா? அப்படியென்றால் பிஎச்.டி. பற்றி யோசியுங்கள். சம்பளத்துக்காக மட்டும் பிஎச்.டி. வேண்டாம்.

வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

புத்தகம் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன இரண்டு கிளைக் கணக்கை மூன்று படிகளுக்கு நீட்டி, பென்சிலால் கையாலேயே போடுங்கள். காசை உண்மையிலேயே நூறு முறை சுண்டி எழுதுங்கள், நிரலில் வேண்டாம். பிறகு அந்த இரண்டு கிளை மாதிரியை நிரலாக்கி, 100 படிகள் வைத்து ஓர் ஆப்ஷனுக்கு விலை கண்டு, பிளாக்–ஷோல்ஸ் விடையோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் வரும். அடுத்து 101 படிகள் வையுங்கள். விடை மறுபக்கத்துக்குத் துள்ளலாம். 102-இல் திரும்பி வரலாம். ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி, முதல் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.